நாலு பேர், மூன்று ஊர்: ஆற அமர விளையாட விவசாய விளையாட்டு எது?

கூர்பிப்_மழை (மொரீஷியஸ்)

எல்லோருக்கும் வணக்கம். நாலு பேர் சேர்ந்து நிதானமாக விளையாட ஒரு விவசாய விளையாட்டு தேடுகிறோம். இரண்டு பேர் மொரீஷியஸ், ஒருவர் ரீயூனியன், ஒருவர் டர்பன். வாரத்தில் இரண்டு இரவு, ஒன்றரை மணி நேரம்தான் எல்லோருக்கும் ஒத்து வரும். இருக்கும் கருவிகள்: இரண்டு நல்ல கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப், ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச். சுட்டுத் தள்ளுவது, ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது எதுவும் வேண்டாம். நடுவது, அறுப்பது, பட்டறை வேலை, வீடு கட்டுவது, இதெல்லாம் பேசிக்கொண்டே செய்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடக் கூடாது. தைப்பூச விரதம் தொடங்கிவிட்டால் எங்களில் இருவர் பத்து நாளைக்கு எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நாட்டால்_நிலா (டர்பன்)

விளையாட்டின் பெயரைப் பார்க்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உலகம் யாருடைய மெஷினில் இருக்கும்? நீங்கள் இல்லாதபோது பயிர் வளருமா? படம் அழகாக இருக்கிறது என்று வாங்கிய பல குழுக்கள் இந்த இரண்டில்தான் உடைகின்றன.

ஸ்டார்டியூ வேலி: 2016இல் வந்தது, 2018இல் கூட்டு ஆட்டம் சேர்ந்தது. முதலில் 4 பேர். 2024இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து கம்ப்யூட்டரில் 8 பேர் வரை. உலகம் முழுக்க ஹோஸ்ட் செய்பவரின், அதாவது ஆட்டத்தைத் திறந்து மற்றவர்களைச் சேர்த்துக்கொள்பவரின், மெஷினில்தான். மற்ற மூவரில் யார் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஹோஸ்ட் வராவிட்டால் பண்ணைக்குப் பூட்டு. ஆகவே உங்கள் விரதக்காரர்களில் ஒருவரை ஹோஸ்ட் ஆக்காதீர்கள்.

கோர் கீப்பர்: 8 பேர் வரை. 2024 ஆகஸ்டில் முழுப் பதிப்பு வந்தது. நிலத்தடிக் குகையில் தோண்டி, மண்ணைக் கொத்தி, விதைத்து, சமைத்து வாழ்வது. உலகம் ஹோஸ்டிடம் இருக்கும், ஆனால் உங்கள் பாத்திரம் உங்கள் மெஷினில் தனியாக இருக்கும். அதனால் உலகக் கோப்பை இன்னொருவரிடம் கொடுத்து அவரை ஹோஸ்ட் செய்யச் சொல்வது சுலபம். உலகைத் தனியாக ஓட்டும் சர்வர் மென்பொருளும் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் இலவசம்.

மைன்கிராஃப்ட்: பழைய லேப்டாப்பும் ஸ்விட்சும் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் பெட்ராக் பதிப்பு. அதுதான் கம்ப்யூட்டர், ஸ்விட்ச், போன் எல்லாவற்றையும் ஒரே உலகில் சேர்க்கும். ஜாவா பதிப்பு ஸ்விட்சில் கிடையாது.

பாலியா: காசில்லை, ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் சேரும். ஆனால் உலகம் நிறுவனத்தின் சர்வரில், இணையம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடாது.

சான்தாந்த்ரே_வெனிலா (ரீயூனியன்)

நிலா அக்கா சொன்னது சரி. ஆனால் ஸ்டார்டியூவை "ஆற அமர" என்று சொல்லும் முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். அதில் காலை 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரை ஒரு நாள். 10 நிமிடத்துக்கு நிஜத்தில் 7 நொடி. ஒரு நாள் 14 நிமிடத்தில் முடிந்துவிடும். தனியாக ஆடும்போது பையைத் திறந்தாலே நேரம் நிற்கும். கூட்டு ஆட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் மெனுவில் இருந்தால் மட்டுமே நிற்கும். ஒருவர் பெட்டியில் விதை தேடிக்கொண்டிருக்க, மற்ற மூவரின் பொழுதும் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் முதல் பதற்றம்.

ஹோஸ்ட் செய்பவர் அரட்டைப் பெட்டியில் சாய்கோடு போட்டு "பாஸ்" கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் எல்லோருக்கும் நேரம் நின்றுவிடும். டீ போடப் போகும்போது அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் தூங்கி எழும் திரை, சேமிப்பு எல்லாம் போக 5 முதல் 6 நாள்தான் கிடைக்கும். ஒரு பருவம் 28 நாள். ஆக ஒரு பருவத்துக்கு 5 அமர்வு. பருவம் மாறிய முதல் நாளே பழைய பருவப் பயிர் காய்ந்துவிடும் என்பதால், அமர்வை எந்தத் தேதியில் முடிக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். காலிஃபிளவருக்கு 12 நாள் வேண்டும்; வசந்தம் 16க்குப் பிறகு நட்டால் விதைக்குப் போட்ட 80 காசும் போச்சு. ஸ்ட்ராபெரி விதை 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் 100 காசுக்குக் கிடைக்கும். 16க்குள் நட்டால் அந்த வருடமே இரண்டு அறுப்பு.

முழுக்க நிதானம் வேண்டுமென்றால் ஃபார்ம் டுகெதர் பாருங்கள். அதில் விளையாட்டை மூடிவிட்டுப் போனாலும் பயிர் வளர்ந்துகொண்டிருக்கும். சண்டை, பசி, மயக்கம் எதுவும் இல்லை. யார் பண்ணைக்கு யார் வரலாம், எதைத் தொடலாம் என்று அனுமதி கொடுப்பதும் தெளிவாக இருக்கிறது. பட்டறை வேலை அதில் மெலிசுதான். கிராஃப்டிங்தான் முக்கியம் என்றால் இரண்டாவது மாதமே சலிக்கும்.

கூர்பிப்_மழை

ரொம்ப நன்றி. ஸ்டார்டியூவை ஸ்விட்சில் வைத்திருப்பவர் எங்களோடு சேர முடியுமா? அந்த 4 ஜிபி லேப்டாப் தாங்குமா?

நாட்டால்_நிலா

ஸ்விட்ச் சேராது. ஸ்டார்டியூவில் ஸ்டீம் கடையில் வாங்கியதும் ஜிஓஜி கடையில் வாங்கியதும் அழைப்புக் குறியீடு மூலம் ஒன்றோடொன்று சேரும், கம்ப்யூட்டரும் ஸ்விட்சும் சேராது. லேப்டாப் தாங்கும்; அதற்குக் கேட்பதே 2 ஜிபி ராமும் 500 எம்பி இடமும்தான். எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். ஒருவர் அப்டேட் செய்யாமல் விட்டாலே இணைப்பு மறுக்கப்படும். மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றம்) போட்டிருந்தால் அதுவும் எல்லோரிடமும் ஒன்றாக இருக்கட்டும்.

திரியோலே_கரும்பு (மொரீஷியஸ்)

ஸ்விட்ச் நண்பரைக் கைவிட முடியாது என்றால் பெட்ராக் பக்கம் வாருங்கள். அங்கே விவசாயம் உண்மையிலேயே ஆழமானது, பலர் அதைக் கவனிப்பதில்லை.

உழுத மண்ணுக்கு 4 கட்டத்துக்குள் தண்ணீர் இருந்தால் ஈரம் பிடிக்கும், மூலைவாக்கிலும் சேர்த்து. ஆகவே 9க்கு 9 பாத்தி போட்டு நடுவில் ஒரே ஒரு கட்டம் தண்ணீர் விட்டால் 80 கட்டம் நனையும். பயிருக்கு மேலே வெளிச்சம் 9 அளவு வேண்டும். தீப்பந்தம் வைத்தால் இரவிலும் வளரும். உழுத மண்ணில் குதித்தால் அது பழைய மண்ணாகிவிடும், பயிரும் பிடுங்கிக்கொள்ளும். புதிதாக வருபவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுற்றி வேலி, நடக்க ஓரத்தில் பலகை.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. 80 கட்டத்திலும் கோதுமையே போட்டால் வளர்ச்சி வேகம் பாதியாகிறது. ஒரு வரிசை கோதுமை, ஒரு வரிசை கேரட், ஒரு வரிசை உருளை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பயிர் குறுக்கிலும் நெடுக்கிலும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் விதி.

கரும்பு தண்ணீரை ஒட்டிய கட்டத்தில் மட்டும்தான் நிற்கும், 3 கட்ட உயரம் வரை போகும். அடிக்கட்டத்தை விட்டு மேலே வெட்டுங்கள், மறுதாம்பு போல மறுபடி வளரும். காகிதம், புத்தகம், அலமாரி எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது; நாலு பேருக்கு இரண்டு நீண்ட வாய்க்கால் கரும்பு போதும்.

பயிர் வளர ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் தொலைதூரம் சுரங்கம் தோண்டப் போய்விட்டால் பண்ணை அப்படியே உறைந்து நிற்கும். உலக அமைப்பில் சிமுலேஷன் தூரம் என்று ஒன்று இருக்கிறது: ஆளைச் சுற்றி எவ்வளவு தூரம் உலகம் இயங்கும் என்பது அது. பழைய கருவியில் அது 4 "சங்க்", அதாவது 4 நிலத்துண்டு தூரம்தான் இருக்கும். பட்டறையையும் வீட்டையும் பண்ணைக்கு ஒட்டியே கட்டுங்கள். யாராவது ஒருவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாலே பயிர் நகரும்.

நிம்மதிக்கு: சிரமத்தை "பீஸ்ஃபுல்" என்று வைத்தால் பூதங்களும் இல்லை, பசியும் இல்லை. ஆனால் எலும்புக்கூடு வராது, எலும்புத்தூள் உரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கம்போஸ்டர் பெட்டியில் மிச்ச விதையைக் கொட்டினால் தூள் கிடைக்கும். "ஈசி" நிலையில் வைத்து, இறந்தால் பொருள் கையிலேயே தங்கும் விதியைப் போட்டுக்கொள்வது இரண்டுக்கும் நடுவான வழி. என் பரிந்துரை அதுதான்.

ஹோஸ்ட் வராவிட்டால் இங்கேயும் உலகம் மூடிக்கொள்ளும். அதற்கு, உலகை நிறுவனத்தின் சர்வரில் எப்போதும் திறந்து வைக்கும் ரெல்ம்ஸ் பிளஸ் சந்தா இருக்கிறது: மாதம் 7.99 டாலர், உரிமையாளர் தவிர ஒரே நேரத்தில் 10 பேர் வரை. ஒருவர் கட்டினால் போதும். ஸ்விட்ச் நண்பருக்கு மட்டும் நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தா தனியாக வேண்டும்.

நாட்டால்_நிலா

இணைப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதில்தான் பாதிப் பேர் முதல் இரவிலேயே சோர்ந்து போகிறார்கள்.

ஒளி, இழைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மொரீஷியஸ், ரீயூனியன் பக்கமிருந்து வரும் மெட்டிஸ் கேபிள் டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டியில் கரையேறுகிறது; நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய் வர 32 மில்லிநொடி. ரூட்டர்கள், வீட்டு வயர் எல்லாம் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஆரோக்கியம். 150க்கு மேல் காட்டினால் உங்கள் போக்குவரத்து ஐரோப்பாவைச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். விண்டோஸ் கட்டளைத் திரையில் டிரேசர்ட் ஓட்டிப் பாருங்கள், எந்த வரியில் எண் திடீரென்று எகிறுகிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்டார்டியூவுக்கு 200 வந்தாலும் பிரச்சினை இல்லை. நடப்பதும் மீன் பிடிப்பதும் உங்கள் மெஷினிலேயே கணக்காகிறது. சுரங்கத்தில் வௌவாலை அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் பின்தங்கும்.

போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வர ரூட்டரில் உள்ள வாசல்) திறப்பது: ஸ்டீம் அழைப்பு மூலம் சேர்ந்தால் எதையும் திறக்க வேண்டாம். நேரடி ஐபியில் சேர்வதானால் ஸ்டார்டியூவுக்கு யுடிபி 24642, மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு டிசிபி 25565. அதற்கு முன் ஒன்று பாருங்கள். ரூட்டர் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் நிறுவனத்தின் பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். மொபைல் சிம் ரூட்டரில் இது சகஜம். அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடியர் என்ற தனி வலையமைப்புச் செயலியை நாலு மெஷினிலும் போட்டு, அது தரும் உள்முகவரியில் சேருங்கள்.

குரலுக்கு டிஸ்கார்டில் சேனலின் வட்டாரத்தைத் தென்னாப்பிரிக்கா என்று மாற்றுங்கள். பேசுபவர் ஒருவருக்கு மணிக்கு 29 எம்பி அளவுதான் செலவாகும், சிம் டேட்டாவுக்குத் தாங்கும்.

மணி: மொரீஷியஸும் ரீயூனியனும் ஒரே நேரம், எங்களுக்கு 2 மணி நேரம் பின்னால். மூன்று இடத்திலும் கோடை நேர மாற்றம் இல்லாததால் வருடம் முழுக்க இதேதான். உங்களுக்கு இரவு 8.30, எங்களுக்கு மாலை 6.30.

மாரிட்ஸ்பர்க்_மண்வெட்டி (தென்னாப்பிரிக்கா)

ஸ்டார்டியூ என்று முடிவானால், நாலு பேர் பண்ணையில் எது தடுமாறும் என்று சொல்கிறேன்.

முதலில் கேபின், அதாவது பண்ணையில் ஒவ்வொருவரும் தங்கும் சின்ன வீடு. ஹோஸ்ட் தவிர ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். ஆட்டம் தொடங்கும்போதே 3 கேபின் என்று தேர்ந்தெடுத்தால் இலவசம். பிறகு என்றால் தச்சர் ராபினிடம் 100 காசும் 10 கல்லும் கொடுத்துக் கட்டலாம். வரைபடத்தில் நாலு மூலைப் பண்ணை கூட்டு ஆட்டத்துக்கென்றே வந்தது, ஆளுக்கொரு மூலை. கடற்கரைப் பண்ணையைத் தவிர்த்துவிடுங்கள், அதன் மணலில் பெரும்பாலான இடத்தில் ஸ்பிரிங்க்ளர் (தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) வேலை செய்யாது.

காசு பொதுவா, தனியா என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் மேயர் லூயிஸ் வீட்டில் உள்ள கணக்குப் புத்தகத்தில் மாற்றலாம். நண்பர்களுக்குப் பொதுக் காசே நல்லது என்பது என் கருத்து. ஆனால் ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள்: 1,000க்கு மேல் செலவென்றால் கேட்டுவிட்டு. மண்வெட்டியைச் செம்புக்கு உயர்த்தவே 2,000 காசும் 5 செம்புக் கட்டியும் போகும். நாலு பேரும் ஒரே வாரத்தில் கொல்லர் கிளின்ட் கடைக்குப் போனால் விதைக்குக் காசு இருக்காது.

திறன் நிலை ஆளுக்கு ஆள் வேறு. விவசாய அனுபவம் விதைத்தவருக்குப் போகாது, அறுத்தவருக்குப் போகும். எட்டுக் கட்டம் நனைக்கும் தரமான ஸ்பிரிங்க்ளருக்கு விவசாய நிலை 6 வேண்டும். அறுப்பை நாலு பேரும் பங்கு போட்டால் நாலு பேருமே 3இலும் 4இலும் தங்கிவிடுவார்கள், கோடை முடிந்தும் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். முதல் பருவம் முழுக்க ஒருவரே அறுக்கட்டும். இன்னொருவர் சுரங்கம். ஒரு ஸ்பிரிங்க்ளருக்கு இரும்புக் கட்டி 1, தங்கக் கட்டி 1, சுத்திகரித்த படிகம் 1. எட்டு செய்தால் 64 கட்டம் நனையும். அதற்கு இரும்புத் தாது 40, தங்கத் தாது 40, படிகக் கல் 8, நிலக்கரி 24. தங்கத் தாது சுரங்கத்தில் 80ஆம் தளத்துக்குக் கீழேதான் ஒழுங்காகக் கிடைக்கும். லிஃப்ட் முன்னேற்றம் எல்லோருக்கும் பொது என்பதால் ஒருவர் இறங்கினாலே போதும்.

பெட்டி. ஒரு பெட்டியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் காலை 6 மணிக்கு மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள், நாளின் முதல் இரண்டு மணி நேரம் அதிலேயே போகும். 50 மரக்கட்டைக்கு ஒரு பெட்டி, தாராளமாகச் செய்யுங்கள்: விதைக்கு ஒன்று, தாதுவுக்கு ஒன்று, மரம் கல்லுக்கு ஒன்று, சமையல் பொருளுக்கு ஒன்று. நிறம் மாற்றி வையுங்கள். ராபினிடம் 2,000 காசுக்குப் பட்டறை மேசை கிடைக்கும். ஒட்டியுள்ள பெட்டிகளிலிருந்து பொருளை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பெட்டிகளில் ஏதாவது ஒன்றை யாராவது திறந்து வைத்திருந்தால் மேசை வேலை செய்யாது. விதைப் பெட்டியை மேசைக்கு ஒட்டாமல் தள்ளி வைப்பது அதனால்தான்.

வருமானத்துக்கு ஊறுகாய் ஜாடி. ஒன்றுக்கு மரக்கட்டை 50, கல் 40, நிலக்கரி 8. விவசாய நிலை 4 போதும். விலை, காய் விலையின் இரண்டு மடங்கோடு 50. பார்ஸ்னிப் 35 என்றால் ஜாடியில் 120 ஆகும். அதையே பீப்பாயில் சாறாக்கினால் 78தான். பீப்பாய் விலை உயர்ந்த பழங்களுக்கு, அங்கே மூன்று மடங்கு. தவிர அதற்கு ஓக் பிசின் வேண்டும், அது சொட்டுவதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

சான்தாந்த்ரே_வெனிலா

மண்வெட்டி அண்ணா, அறுப்பை ஒருவரிடம் விடுவது எனக்கு உடன்பாடில்லை. வாரம் மூன்று மணி நேரம் கிடைக்கிறவர்கள் அவர்கள். அறுப்பதுதான் அதில் இனிக்கிற வேலை, அதை மூன்று பேரிடமிருந்து பறிப்பதா? தொடக்கத்தில் லாப விகிதத்தை (விளைச்சல் விற்கும் விலை அளவை) 100 சதவீதத்திலேயே விட்டு, 30 பயிருக்கு மேல் நடாமல் இருந்தால் கையால் தண்ணீர் ஊற்றினாலும் காலை 8 மணிக்குள் நாலு பேருக்கும் முடிந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க்_மண்வெட்டி

அதுவும் நியாயம்தான் தங்கச்சி. 30 பயிர் என்றால் சரிவரும். 60க்கு மேல் போகிறவர்களுக்கு நான் சொன்னது.

திரியோலே_கரும்பு

வால்ஹைம் பற்றி யாரும் பேசவில்லையே. 10 பேர் வரை. உலக அமைப்பில் தாக்குதல்களை நிறுத்திவிட்டு, விலங்குகள் தாமாகத் தாக்காதபடி வைத்தால் கட்டடம் கட்டுவதில் அதற்கு ஈடு இல்லை. விவசாயம் நடுவில் வரும்: 5 வெண்கலம், 5 உள்மரம் கொண்டு உழவுக் கருவி செய்ய வேண்டும். கேரட் விதை ஒன்றுக்கு ஒரு கேரட். அந்தக் கேரட்டையே மறுபடி நட்டால் 3 விதை. 30 விதை போட்டு 30 கேரட் எடுத்து, 10ஐ நட்டால் அடுத்த சுற்றுக்கு 30 விதை தயார், 20 சாப்பாட்டுக்கு. நெருக்கி நட்டால் இடம் போதாமல் பட்டுப்போகும். ஆனால் அந்த 4 ஜிபி லேப்டாப்பில் இது திறக்கவே திறக்காது.

கூர்பிப்_மழை

முடிவு செய்துவிட்டோம்: ஸ்விட்ச் நண்பர் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்கிறார், ஸ்டார்டியூ, நாலு மூலைப் பண்ணை, 30 பயிர். கடைசியாக இரண்டு கேள்வி. புயல் காலத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும்? ஹோஸ்ட் ஊருக்குப் போனால் பண்ணையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா?

நாட்டால்_நிலா

ஸ்டார்டியூ, எல்லோரும் படுக்கைக்குப் போன பிறகுதான் சேமிக்கும். நடுவில் கரண்ட் போனால் அன்றைய நாள் மட்டும் போகும், அதிகபட்சம் 14 நிமிட வேலை. ஹோஸ்ட் லேப்டாப்பில் ஆடினால் பேட்டரி இருக்கிறது, ரூட்டருக்குத்தான் இல்லை. இங்கே மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் வாங்கிய சின்ன டிசி யுபிஎஸ் அதற்குப் போதும். ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்து அதே அளவு வாங்குங்கள். ஃபைபர் என்றால் சுவரில் இருக்கும் ஒளிப்பெட்டிக்கும் தனி இணைப்பு வேண்டும். ரூட்டரை மட்டும் உயிரோடு வைத்துப் பயனில்லை. ஃபைபர் நிறுவனத்தின் தெருப்பெட்டியே படுத்துவிட்டால் அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

பண்ணையைக் கைமாற்றுவது: விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறை, அதற்குள் ரோமிங், அதற்குள் ஸ்டார்டியூ வேலி, அதற்குள் சேவ்ஸ். பண்ணைப் பெயரும் ஒரு எண்ணும் கொண்ட கோப்புறையை முழுசாக அனுப்புங்கள், உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் எடுக்காதீர்கள். வாங்குபவர் அதே இடத்தில் வைத்துத் திறந்தால் பண்ணை ஓடும். ஆனால் அவர் ஹோஸ்டின் பாத்திரமாகத்தான் எழுந்திருப்பார். அவருடைய சொந்தப் பாத்திரம் கேபினில் தூங்கும். ஹோஸ்ட் திரும்பி வந்ததும் கடைசியாக ஆடியவரிடமிருந்து கோப்புறையை வாங்கி, தன்னிடம் உள்ள பழையதை வேறு பெயரில் நகர்த்திவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். இரண்டு மெஷினிலும் தனித்தனியாக ஆடிவிட்டால் இரண்டையும் ஒன்றாக்க வழியே இல்லை. ஆகவே யாரிடம் இருப்பது நடப்புப் பண்ணை என்பதைத் தேதியோடு உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பின் செய்து வையுங்கள்.